மயக்க மருந்து உறுப்பைக் காக்கிறதா? எதோடு ஒப்பிட்டு?

1 | இளமதி_பூன்லே

சுண்டெலிச் சிறுநீரகத்தில் இரத்தத் தடை, மறுபாய்வுச் சேத (இரத்தத்தைத் தடுத்து மறுபடி விடும்போது வரும் சேதம்) ஆய்வு ஒன்றுக்கு வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். செவோஃப்ளுரேன் என்ற ஆவி மயக்க மருந்து கொடுத்தால் சேதமும் அழற்சியும் குறைகிறதா, டெக்ஸ்மெடெட்டோமிடின் என்ற தூக்க மருந்து சேர்த்தால் இன்னும் குறைகிறதா என்பதுதான் கேள்வி.

வரைவில் இருப்பது: சி57பிஎல்/6 ஆண் சுண்டெலி, 10 முதல் 12 வாரம். இரு பக்கச் சிறுநீரகத் தண்டுக்கும் 30 நிமிடம் கிளாம்ப். 24 மணி நேரம் கழித்து இரத்தமும் திசுவும். ஒப்பீட்டுக் குழுவுக்குக் கீட்டமின், சைலசின் (ஊசி மயக்க மருந்துகள்). குழுவுக்கு 6 சுண்டெலி. அளப்பவை கிரியேட்டினின், என்கேல் (இரண்டும் சிறுநீரகச் சேதக் குறியீடு), ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா (இரண்டும் சைட்டோகைன், அதாவது அழற்சியில் ஏறும் புரதம்).

விலங்கு நெறிக்குழுவுக்குப் போகுமுன் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். கூசாமல் சொல்லலாம்.

2 | வேப்பரைசர்

பெரிய ஓட்டை ஒப்பீட்டுக் குழுவில் இருக்கிறது.

வேறு எந்த மருந்தையும் "மருந்து உண்டு, மருந்து இல்லை" என்று பிரித்துப் பார்க்கலாம். மயக்க மருந்தில் அது முடியாது. மயக்காமல் வயிற்றைத் திறக்க முடியாது என்பதால் ஒப்பீட்டுக் குழுவிலும் ஏதோ ஒரு மயக்க மருந்து இருக்கும். "செவோ காத்தது" என்று நீங்கள் எழுதும்போது "கீட்டமின், சைலசினோடு ஒப்பிட்டால் சேதம் குறைவு" என்பதுதான் பொருள். செவோ காத்திருக்கலாம், சைலசின் கெடுத்திருக்கலாம். இரண்டையும் பிரிக்க உங்கள் வடிவமைப்பில் வழியில்லை.

சைலசின் விஷயத்தில் இது வெறும் ஐயமும் இல்லை. அது ஆல்ஃபா-2 ஏற்பியைத் தூண்டும் மருந்து. கணையத்தில் இன்சுலின் சுரப்பை அடக்கி இரத்தச் சர்க்கரையை ஏற்றும், சிறுநீரைக் கூட்டும். சர்க்கரை ஏறிய நிலையில் சிறுநீரகத்துக்கு இரத்தத்தைத் தடுத்தால் சேதம் கூடும். அதைவிடப் பெரிய சிக்கல், டெக்ஸ்மெடெட்டோமிடினும் அதே ஏற்பியில்தான் வேலை செய்கிறது. ஒப்பீட்டுக் குழுவில் ஏற்கெனவே ஓர் ஆல்ஃபா-2 மருந்தை ஏற்றிவிட்டு, இன்னொரு ஆல்ஃபா-2 மருந்தின் பலனை எப்படிப் பிரிப்பீர்கள்?

2004இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எச். தாமஸ் லீ குழு எலிகளில் செய்த ஆய்வைப் பாருங்கள். ஹாலோத்தேன், ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன் ஒரு பக்கம். பென்டோபார்பிட்டால், கீட்டமின் மறுபக்கம். ஆவி மருந்துகளில் கிரியேட்டினின் குறைவாக ஏறியது, டெஸ்ஃப்ளுரேனின் பலன் மற்றவற்றைவிடச் சன்னம். ஊசி மருந்து ஒன்றுக்கு இரண்டு இருந்ததால்தான் அந்த முடிவுக்கு எடை இருக்கிறது. நீங்களும் குறைந்தது இரண்டு அடிப்படை மயக்கம் வையுங்கள்.

3 | கூண்டுக்காரர்

தம்பியோ தங்கச்சியோ தெரியல, மருந்துக்கு முன்னால வெப்பநிலையைப் பாருங்க. வரைவுல அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லை.

சுண்டெலி 25 கிராம். வயித்தை மழிச்சு, ஈரப் பஞ்சால துடைச்சு, ஏர்கான் 21 டிகிரியில ஓடுற அறையில திறந்து வெச்சா பத்தே நிமிஷத்துல உடம்புச் சூடு 33க்கு வந்துடும். 33ல 30 நிமிஷம் கிளாம்ப் போட்டா சிறுநீரகத்துக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. 37ல அதே 30 நிமிஷம் போட்டா மறுநாள் காலையில சில சுண்டெலி உயிரோட இருக்காது. ஆக "இந்த மருந்து காக்குது"ன்னு சொல்ற பாதிப் பேருக்குக் காத்தது குளிர்தான். எந்த மருந்து உடம்பை அதிகமாக் குளிர வைக்குதோ அது நல்ல பேரு வாங்கிக்கும். டெக்ஸ்மெடெட்டோமிடின் நல்லாவே குளிர வைக்கும்.

செய்ய வேண்டியது:

மலவாய் வெப்பமானியை ஏறக்குறைய 2 செ.மீ. உள்ளே விட்டு வாலோட சேர்த்து டேப் ஒட்டுங்க. டேப் இல்லாட்டி நழுவி வெளியே வந்து 30ன்னு காட்டும், சூட்டு மெத்தை தானா ஏறி சுண்டெலியை வறுத்துடும். 36.5 முதல் 37 வரைக்கும் நிக்கணும். கிளாம்ப் போடுறதுக்கு முன்னால 10 நிமிஷம் அந்தச் சூட்டுல நிலையா இருக்கணும். கிளாம்ப் எடுத்து, தையல் போட்டு, எழுந்திரிக்கிற வரைக்கும் சூடு வேணும். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதி வைங்க, கடைசியில குழுவுக்குக் குழு சராசரியை அட்டவணையா போடுங்க.

கிளாம்ப்: தண்டைச் சுத்தி இருக்கிற கொழுப்பை நுனிப் பஞ்சால ஒதுக்கிட்டுப் போடுங்க. கொழுப்போட சேர்த்துக் கடிச்சா முழுசா அடைக்காது. நிறத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம். சரியா விழுந்தா சில நொடியில சிவப்பு மங்கி, மேல்முனை கீழ்முனை ரெண்டும் ஒரே மாதிரி கருநீலமா, கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஆகும். ஒரு முனை மட்டும் சிவப்பாவே இருந்தா ஏதோ ஒரு கிளைத் தமனி தப்பிடுச்சுன்னு அர்த்தம், அந்தச் சுண்டெலியை முடிவுல சேர்க்காதீங்க. சேர்க்காததுக்கான விதியை முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கணும். எடுத்தப்புறம் ஒரு நிமிஷத்துக்குள்ள இளஞ்சிவப்பு திட்டுத் திட்டாத் திரும்பும். திரும்பலைன்னா நாளம் கிழிஞ்சிருக்கும், இல்லாட்டி உறைஞ்சிருக்கும்.

வலதை முதல்ல போட்டீங்கன்னா எடுக்கும்போதும் வலதை முதல்ல எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி ஸ்டாப்வாட்ச்.

30 நிமிஷம்ங்கிறதும் கொஞ்சம் கடுமை. 37 டிகிரியில சி57 ஆணுக்கு 25, 26 நிமிஷத்துல இருந்து ஆரம்பிங்க. 22க்கும் 30க்கும் நடுவுல சேதம் ரொம்பச் செங்குத்தா ஏறும். உச்சியில வேலை செஞ்சா எந்த மருந்தாலயும் குறைக்க முடியாது, அடியில வேலை செஞ்சா குறைக்க ஒண்ணும் இருக்காது.

4 | இளமதி_பூன்லே

நன்றி அண்ணே, தங்கச்சிதான். ஒரு ஐயம். ஊசி மருந்துக் குழுவையும் முதலில் ஐசோஃப்ளுரேன் பெட்டியில் இரண்டு நிமிடம் போட்டு அடக்கிவிட்டு ஊசி போட்டால் சுண்டெலிக்கும் நல்லது, கைக்கும் நல்லது. அது பரவாயில்லையா?

5 | வேப்பரைசர்

வேண்டாம். அந்த இரண்டு நிமிடத்தால் எவ்வளவு மாறும் என்று வாதாடலாம்தான், ஆனால் ஆவி மருந்தின் முன்தயாரிப்புப் பலனைத் தேடும் ஆய்வில் எல்லாச் சுண்டெலிக்கும் ஆவி மருந்தைக் காட்டிவிட்டு அந்த வாதத்தை நடத்துவது வீண் வேலை.

"முன்தயாரிப்பு" எங்கிருந்து வந்தது என்று புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1986இல் மரி, ஜென்னிங்ஸ், ரீமர் மூவரும் நாயின் இதயத் தமனியை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் விட்டு, இப்படி 4 சுற்று செய்த பிறகு 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தார்கள். நேரடியாக 40 நிமிடம் அடைத்த நாய்களோடு ஒப்பிட்டால் இறந்த தசை கால்பங்குதான். சிறு தடையே பெருந்தடைக்குக் கவசமானது. 1997இல் ஐசோஃப்ளுரேன் அதே கவசத்தை இரத்தத் தடை இல்லாமலேயே தருகிறது என்று கெர்ஸ்டன், வார்ல்டியர் குழு காட்டியது. ஏடிபி உணர் பொட்டாசியம் வாய்க்காலை மூடும் கிளைபென்கிளாமைடு கொடுத்தால் அந்தக் கவசம் கழன்றுவிடுகிறது. அந்த வாய்க்கால் இதில் மாட்டியிருக்கிறது என்பது அப்படித்தான் வெளிப்பட்டது.

சங்கிலி சுருக்கமாக: ஆவி மருந்து மைட்டோகாண்ட்ரியாவை இலேசாகக் கிளறி, கொஞ்சம் ஆக்சிஜன் தனியுறுப்புகளைக் கிளப்புகிறது. அது புரதக் கைனேஸ் சி போன்றவற்றை உசுப்புகிறது. இரத்தம் திரும்பும் முதல் சில நிமிடத்தில் மைட்டோகாண்ட்ரியாச் சுவரில் திறக்கும் பெருந்துளை திறக்காமல் நிற்கிறது. அந்தத் துளை திறந்தால் செல் சாகும். செத்த செல் சிந்துவதைப் பார்த்து நியூட்ரோஃபில்கள் வரும், அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பாபி கிளம்பும், ஐஎல்-6 ஏறும். அழற்சி குறைந்ததென்றால் மருந்து அழற்சியை நேராக அடக்கியதா, சாவு குறைந்ததால் அழற்சியும் குறைந்ததா என்று பிரித்துக் கேட்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஒரே ஒரு மாதிரி எடுத்தால் இதற்குப் பதில் கிடைக்காது.

6 | தேக்கா_ரேணு

அதற்கு நேரம் முக்கியம், இளமதி. டிஎன்எஃப்-ஆல்ஃபா சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். எண்டோடாக்சின் மாதிரியில் சுண்டெலிக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சம். ஐஎல்-6 இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். எச்எம்ஜிபி1 என்ற அழற்சிப் புரதம் எட்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் மெல்ல வரும். 24 மணி நேர இரத்தத்தில் டிஎன்எஃப் தேடினால் எல்லாக் குழுவிலும் கருவியின் அடிவரம்புக்குக் கீழே வந்து "வேறுபாடு இல்லை" என்று எழுத வேண்டி வரும். 2 மணிக்கு ஒரு தொகுதி, 24 மணிக்கு ஒரு தொகுதி எனத் தனித்தனிச் சுண்டெலி வையுங்கள்.

என்கேல் நல்ல குறியீடுதான், ஆனால் நியூட்ரோஃபிலும் அதைச் சுரக்கும். அழற்சியை அடக்கும் மருந்தைச் சோதிக்கும்போது என்கேல் குறைவதைச் சிறுநீரகக் குழாய்க்கு நல்லது என்று மட்டும் படிக்காதீர்கள். திசுவெட்டு இல்லாமல் முடிவு சொல்ல வேண்டாம். புறணிக்கும் உள்ளகத்துக்கும் இடைப்பட்ட வெளிப்பட்டையில்தான் இறப்பு அதிகம் தெரியும், மதிப்பெண் போடுபவருக்குக் குழு எண் தெரியக் கூடாது.

கிரியேட்டினின் ஜாஃபே முறையில் (நிறமாற்றத்தை வைத்து அளப்பது) வேண்டாம். சுண்டெலி இரத்தத்தில் கிரியேட்டினின் அல்லாத பொருள்களும் அந்த நிறத்தைத் தரும், நல்ல சுண்டெலிக்கே மதிப்பு உண்மையைவிடப் பல மடங்கு காட்டும். நொதி முறை அல்லது திரவ நிறப்பிரிகை.

சிவப்பணு உடைந்து பிளாஸ்மா சிவந்து போனால், ஏஎஸ்டி, எல்டிஎச் நொதிகளை அளந்திருந்தால் இரண்டையும் தூக்கிப் போடுங்கள். இதயத்திலிருந்து 23ஆம் எண் ஊசியில் மெதுவாக இழுத்தால் சிவக்காது. பிளாஸ்மாவைச் சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள், உருக்கி உறைய வைத்த குழாயில் மறுபடி சைட்டோகைன் அளக்க வேண்டாம்.

7 | ஐசியூ_நைட்டு

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி. இந்தத் துறையே இன்னும் உயிரோடு இருக்கிறதா? மனிதரில் எல்லாம் தோற்றுவிட்டதே.

மைரியாட் ஆய்வு, 2019, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின். பைபாஸ் அறுவை, 13 நாடு, 36 மருத்துவமனை, 5,400 நோயாளிகள். ஆவி மருந்துக் குழுவில் ஓராண்டு இறப்பு 2.8 சதவீதம், முழு நரம்புவழி மயக்கத்தில் 3.0. வேறுபாடு கிடைக்காது என்று பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அதைவிட உறைக்கிறது செசார் ஆய்வு. கடும் நுரையீரல் செயலிழப்பில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களுக்கு செவோஃப்ளுரேன் ஆவியா, நரம்புவழி மயக்க மருந்தான புரோப்போஃபோலா என்று பிரான்ஸில் 37 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 687 பேர். முடிவு 2025இல் ஜாமாவில் வந்தது. 90ஆம் நாள் உயிரோடு இருந்தவர்கள் செவோவில் 47.1 சதவீதம், புரோப்போஃபோலில் 55.7. காப்பது இருக்கட்டும், கெடுத்திருக்கிறது. இத்தனைக்கும் அதே நாட்டில் 2017இல் 50 பேரை வைத்துச் செய்த முன்னோட்டத்தில் ஆக்சிஜன் ஏறியது, நுரையீரல் சேதக் குறியீடு இறங்கியது, சைட்டோகைன் இறங்கியது.

8 | வேப்பரைசர்

அந்த 2017 முன்னோட்டத்தில் ஒப்பீட்டு மருந்து என்ன என்று பாருங்கள் அண்ணே. மிடாசோலம் என்ற வேறொரு தூக்க மருந்து. பெரிய ஆய்வில் புரோப்போஃபோல். மறுபடியும் அதே கேள்விதான் வந்து நிற்கிறது, எதோடு ஒப்பிட்டு? மிடாசோலமோடு ஒப்பிட்டால் நன்றாகத் தெரிந்தது புரோப்போஃபோலோடு ஒப்பிட்டால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இன்னொரு பக்கம், 6 மணி நேர அறுவைக்குக் கொடுப்பதும் நாள் கணக்காகக் கொடுப்பதும் ஒன்றில்லை. நாள் கணக்கில் போனால் ஃப்ளோரைடு சேரும், சிறுநீரகம் நீரைப் பிடிக்க முடியாமல் போன நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆவியைத் திருப்பி அனுப்பும் வடிகட்டி குழாயில் 50 அல்லது 100 மி.லி. வெற்றிடம் கூட்டும். ஏற்கெனவே மூச்சளவைச் சுருக்கி வைத்திருக்கும் நுரையீரலுக்கு அது சின்ன விஷயமில்லை, கரியமிலம் ஏறும்.

பைபாஸில் ஏன் தோற்றது என்பதற்கும் எனக்குச் சில ஊகங்கள் உண்டு. ஊகம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வுக்கூடச் சுண்டெலி இளசு, நோயற்றது. பைபாஸ் நோயாளி பெரும்பாலும் வயதானவர், பலருக்கு நீரிழிவு. சர்க்கரை ஏறியிருந்தால் முன்தயாரிப்பு மங்கும் என்பது விலங்கில் தெளிவாகத் தெரிந்த சங்கதி. சல்ஃபோனைல்யூரியா மாத்திரை அந்தப் பொட்டாசியம் வாய்க்காலையே மூடும். சிங்கப்பூர் இதய அறுவைப் பட்டியலில் நீரிழிவு உள்ளவர் ஏராளம். அடுத்தது, ஓபியாய்டு வலி மருந்துகளும் இதயத்துக்கு முன்தயாரிப்புத் தரும். இரு பக்கமும் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு தாராளமாக ஓடும்போது ஆவி மருந்து தனியாகச் சேர்க்க என்ன மிச்சம்?

மூன்றாவது, கொடுத்த விதம். 2004இல் டி ஹெர்ட் 200 பேரை நான்கு குழுவாக்கினார்: புரோப்போஃபோல் மட்டும், பம்புக்கு (இதய-நுரையீரல் இயந்திரம்) முன் மட்டும் செவோ, இதயத்துக்கு இரத்தம் திரும்பிய பின் மட்டும் செவோ, தொடக்கம் முதல் முடிவுவரை செவோ. இதயத் தசைச் சேதக் குறியீடான டிரோப்போனின் நன்றாகக் குறைந்தது கடைசிக் குழுவில். பம்பு ஓடும் நேரத்தில் ஆவி கொடுக்க வேப்பரைசரை (மருந்தை ஆவியாக்கும் கருவி) பம்பில் இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டரின் வாயு நுழைவில் வைக்க வேண்டும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நுண்துளைப் பாலிபுரோப்பிலீன் சவ்வு ஆவியை விடும். நீண்ட நேரத்துக்கான பாலிமெத்தில்பென்டீன் சவ்வு பெரும்பாலும் விடாது. வேப்பரைசர் 2 சதவீதம் என்று காட்டும், இரத்தத்தில் ஒன்றும் இருக்காது. ஆக்சிஜனேட்டர் வெளிவாயில் அளந்தால்தான் தெரியும், அந்த வெளிவாயில் கழிவுவாயு இழுப்பும் மாட்ட வேண்டும்.

9 | ஐசியூ_நைட்டு

"தோற்றதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்" என்பது இந்தத் துறையின் பழக்க தோஷம். 2015இல் ஆர்ஐபிஹார்ட், எரிக்கா என்ற ஆய்வுகள் இரண்டும் கையில் பட்டையைக் கட்டி 5 நிமிடம் இறுக்கி விட்டு, 4 சுற்று, இதயத்தைக் காக்குமா என்று பார்த்தன. இரண்டும் இல்லை என்றன. உடனே "புரோப்போஃபோல் கொடுத்தார்கள், அது கவசத்தை உரித்துவிட்டது" என்றார்கள். விட்டால் பௌர்ணமியையும் காரணம் சொல்வார்கள்.

10 | வேப்பரைசர்

பௌர்ணமி இல்லை, ஆதாரம் உண்டு. 2012இல் ஜெர்மனியின் எஸ்ஸனில் சிறிய ஆய்வு ஒன்றில் அதே கைப்பட்டை முறை ஐசோஃப்ளுரேனில் டிரோப்போனினைக் குறைத்தது, புரோப்போஃபோலில் குறைக்கவில்லை. ஆர்ஐபிஹார்ட்டில் மயக்கம் புரோப்போஃபோல், எரிக்காவிலும் மிகப் பெரும்பாலோருக்கு அதுதான். இதனால் அந்த முறை வேலை செய்யும் என்று நிரூபணமாகாது, ஒப்புக்கொள்கிறேன். டிரோப்போனின் குறைவதும் ஆள் பிழைப்பதும் ஒன்றில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்பைஸ் 3 ஆய்வு அதற்கு இன்னொரு சாட்சி. தீவிர சிகிச்சையில் 4,000 பேர், டெக்ஸ்மெடெட்டோமிடின் ஒரு பக்கம், வழக்கமான தூக்க மருந்து மறுபக்கம், 90 நாள் இறப்பு இரு பக்கமும் 29.1 சதவீதம். விலங்கில் அவ்வளவு அழகாக ஐஎல்-6ஐ இறக்கிய மருந்து அது.

11 | தேக்கா_ரேணு

புரோப்போஃபோல் பேச்சு வந்ததால் ஒன்று. அதை வெறும் உப்புநீரோடு ஒப்பிடாதீர்கள். அந்த வெள்ளைத் திரவத்தில் 10 சதவீதம் சோயா எண்ணெய், 2.25 சதவீதம் கிளிசரால், 1.2 சதவீதம் முட்டை லெசித்தின். மறுபாய்வு நேரத்தில் அந்த எண்ணெய்க் குழம்பே எலி இதயத்தைக் காப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். ஒப்பீட்டுக்கு அதே குழம்பு, அதே அளவு, மருந்து மட்டும் இல்லாமல்.

செல் வளர்ப்புக் கட்டுரைகளைப் படிக்கும்போது செறிவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். மயக்கத்தில் இருப்பவர் இரத்தத்தில் புரோப்போஃபோல் மில்லிக்கு 3 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மூலக்கூறு எடை 178. ஆக 17 மைக்ரோமோலார். அதில் 97 முதல் 99 சதவீதம் புரதத்தோடு ஒட்டியிருக்கும். சும்மா திரிவது 0.2 முதல் 0.5 மைக்ரோமோலார். கட்டுரையில் சீரம் இல்லாத ஊடகத்தில் 50, 100 என்று ஊற்றியிருப்பார்கள். அந்தச் செறிவில் புரோப்போஃபோல் ஒரு ஃபீனால், வைட்டமின் ஈ மாதிரி தனியுறுப்புகளை விழுங்கும். அதைப் பார்த்து "ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைத்தது" என்று எழுதுவது வேதியியல், மயக்கவியல் இல்லை. டெக்ஸ்மெடெட்டோமிடினும் இப்படித்தான். இரத்தத்தில் மில்லிக்கு 1 நானோகிராம் என்றால் 5 நானோமோலார், தட்டில் ஊற்றுவது மைக்ரோமோலார்.

செவோவைச் செல்லுக்குக் கொடுப்பது தனித் தலைவலி. மூடிய பெட்டி, 5 சதவீதம் கரியமிலம், ஈரப்படுத்திய வாயு. ரப்பர் வளையமும் பாலிஸ்டைரீன் தட்டும் ஆவியை உறிஞ்சும். உள்ளே போகும் வாயுவில் அளந்தால் போதாது, வெளியே வரும் வாயுவில் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும். ஊடகத்தை மாற்ற மூடியைத் திறந்தால் சில நிமிடத்தில் கரைந்திருந்ததெல்லாம் பறந்துவிடும். ஒப்பீட்டுத் தட்டும் அதே பெட்டியில் அதே வாயு ஓட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊடகம் காய்ந்து உப்பு ஏறுவதை மருந்தின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள். பக்கத்தில் 70 சதவீத ஆல்கஹால் அடித்தால் சில அகச்சிவப்பு அளவிகள் அதையும் மயக்க வாயு என்று எண்ணிக்கொள்ளும்.

12 | சராசரிக்கு_மேல்

குழுவுக்கு 6 பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, எனவே நான்.

6க்கு 6 வைத்து 80 சதவீத வலிமையோடு (பலன் உண்மையில் இருந்தால் 100க்கு 80 முறை பிடிபடும்படி) பிடிக்கக்கூடிய வேறுபாடு ஏறக்குறைய 1.8 திட்டவிலக்கம். அவ்வளவு பெரிய பலன் இருந்தால் புள்ளியியலே தேவையில்லை, கண்ணுக்கே தெரியும். 1 திட்டவிலக்கம் பிடிக்கக் குழுவுக்கு 17. கிளாம்ப் மாதிரியில் சிதறல் அதிகம் என்பதால் திட்டவிலக்கமும் பெரிதாக வரும். வெப்பநிலையைக் கூண்டுக்காரர் சொன்னபடி இறுக்கிப் பிடித்தால் சிதறல் குறையும், அது 5 சுண்டெலி கூடுதலாக வாங்குவதைவிட மலிவு.

இரண்டு அடிப்படை மயக்கம், டெக்ஸ்மெடெட்டோமிடின் உண்டு, இல்லை என நான்கு குழு வைத்தால் மருந்துக்கு மருந்து பலன் மாறுகிறதா என்றும் கேட்கலாம். ஆனால் அதே அளவு இடைவினையைப் பிடிக்க, தனிப்பலனைப் பிடிப்பதைப்போல் நான்கு மடங்கு சுண்டெலி வேண்டும். எனவே முதன்மைக் கேள்வி எது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள், மற்றது துணைக் கேள்வி.

ஒரே கூண்டுச் சுண்டெலிகளை ஒரே குழுவில் போடாதீர்கள். காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு என்றும் வேண்டாம், கிளாம்ப் போடுபவர் கை மதியத்துக்குள் தேறிவிடும். ஒவ்வொரு நாளும் எல்லாக் குழுவிலிருந்தும் ஒன்று, வரிசையைக் கணினி குலுக்கட்டும். 24 மணிக்குள் இறந்தவற்றுக்குக் கிரியேட்டினின் கிடையாது என்று விட்டுவிட்டால், மோசமான குழு நல்ல குழுவாகத் தெரியும். அதை எப்படிக் கணக்கில் கொள்வது என்று முன்பே எழுதுங்கள்.

மனிதருக்குப் போனால் எண் எப்படி வெடிக்கும் என்றும் பாருங்கள். அறுவைக்குப் பின் சிறுநீரகச் சேதம் 20 சதவீதத்திலிருந்து 15க்கு இறங்குகிறது என்று காட்டக் குழுவுக்கு ஏறக்குறைய 900 பேர். 50 பேர் முன்னோட்டத்தில் சைட்டோகைன் இறங்கியது என்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

13 | கூண்டுக்காரர்

மருந்து அலமாரி விஷயமும் சொல்லிடுறேன். சிங்கப்பூர்ல கீட்டமின் பி வகுப்பு, வலி மருந்தான புப்ரெனார்ஃபின் ஏ வகுப்புக் கட்டுப்பாட்டு மருந்து. இரட்டைப் பூட்டு, பதிவேடு, மில்லி கணக்குல மிச்சம். உடைஞ்ச ஆம்பியூலுக்கும் சாட்சிக் கையெழுத்து. நெறிக்குழு ஆய்வக விலங்கு ஆராய்ச்சிக்கான தேசிய ஆலோசனைக் குழுவோட வழிகாட்டியை வெச்சுத்தான் கேள்வி கேட்கும். வலி மருந்து இல்லாம வயித்து அறுவை அனுமதிக்க மாட்டாங்க, அனுமதிக்கவும் கூடாது.

ஆனா மெலாக்ஸிகாம்ங்கிற வலி மருந்தைப் போட்டுடாதீங்க. சிறுநீரகத்தையும் பாதிக்கும், அழற்சியையும் அடக்கும், நீங்க அளக்கிறது ரெண்டுமே அதுதான். புப்ரெனார்ஃபின் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி., எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்துல, ஷாமுக்கும் (கிளாம்ப் போடாம வயித்தை மட்டும் திறக்கிற குழு) சேர்த்து. மூடுறதுக்கு முன்னால வெதுவெதுப்பான உப்புநீர் 0.5 மி.லி. வயித்துக்குள்ள. தண்ணி குறைஞ்ச சுண்டெலியோட கிரியேட்டினின் வேற கதை சொல்லும்.

டெக்ஸ்மெடெட்டோமிடின் நீர்ப்பு: குப்பியில மில்லிக்கு 100 மைக்ரோகிராம். கிலோவுக்கு 25 மைக்ரோகிராம்னா 25 கிராம் சுண்டெலிக்கு 0.625 மைக்ரோகிராம், குப்பியில இருந்து நேரா எடுத்தா 0.006 மி.லி., எந்தச் சிரிஞ்சாலயும் முடியாது. 1 பங்கு மருந்து, 19 பங்கு உப்புநீர். மில்லிக்கு 5 மைக்ரோகிராம் ஆகும், 0.125 மி.லி. போடுங்க. டெக்ஸ்மெடெட்டோமிடினை முறிக்கிற அட்டிபமசோல் கொடுத்து எழுப்பிடாதீங்க, சோதிக்கிற மருந்தையே அழிச்ச மாதிரி.

14 | இளமதி_பூன்லே

திருத்தியது இதோ. பென்டோபார்பிட்டால் ஊசி கிலோவுக்கு 50 மி.கி. ஒன்று, செவோஃப்ளுரேன் ஒன்று. ஒவ்வொன்றிலும் டெக்ஸ்மெடெட்டோமிடின் அல்லது உப்புநீர். 26 நிமிடம், 37 டிகிரி. முதன்மைக் கேள்வி: 24 மணியில் நொதிமுறைக் கிரியேட்டினின், பென்டோபார்பிட்டால் எதிர் செவோ. 2 மணி சைட்டோகைனுக்குத் தனித் தொகுதி. இரத்தச் சர்க்கரை கிளாம்புக்கு முன்னும் பின்னும். மெலாக்ஸிகாம் இல்லை.

இரண்டு ஐயம் மிச்சம். செவோவை எந்த வாயுவில் ஓட்டுவது? எத்தனை சதவீதம்?

15 | வேப்பரைசர்

செவோக் குழு 100 சதவீத ஆக்சிஜனும் பென்டோபார்பிட்டால் குழு அறைக்காற்றும் சுவாசித்தால் நீங்கள் சோதிப்பது ஆக்சிஜனை. இரு குழுவுக்கும் மூக்குக் கூம்பு, ஒரே கலவை, ஒரே ஓட்டம். 30 சதவீத ஆக்சிஜன் போதும்.

சதவீதம்: மனிதருக்கு 40 வயதில் 1 மேக் (கத்தி பட்டாலும் பாதிப் பேர் அசையாத செறிவு) என்பது ஏறக்குறைய 2 சதவீதம். சுண்டெலிக்கு அதைவிடக் கூடுதல், வகைக்கு வகை மாறும். உங்கள் கூட்டத்தில் வாலைக் கிள்ளி, அசையாத செறிவை நீங்களே கண்டுபிடித்து, அதையே கூம்பில் அளவி காட்டும் எண்ணாக எழுதுங்கள். வேப்பரைசர் முள் காட்டுவதை எழுத வேண்டாம். பென்டோபார்பிட்டாலிலும் அதே கிள்ளல், அதே ஆழம். ஒன்று ஆழமாகவும் மற்றது மேலோட்டமாகவும் இருந்தால் இரத்த அழுத்தம் வேறாகும். கிளாம்ப் எடுத்த பிறகு சிறுநீரகத்துக்குத் திரும்பும் ஓட்டத்தை அந்த அழுத்தம்தான் முடிவு செய்யும். தனியாகச் சில சுண்டெலிகளில் தமனி அழுத்தம் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பீட்டாளர் கண்டிப்பாகக் கேட்பார்.

16 | கூண்டுக்காரர்

கழிவு ஆவியை உறிஞ்சுற கரித்துகள் டப்பாவைப் புதுசுல எடைபோட்டு மூடியில எழுதுங்க. 50 கிராம் ஏறினதும் மாத்துங்க. 30 சதவீதக் கலவையை லிட்டர் கணக்குல ஓட்டும்போது நீங்க நினைக்கிறதைவிடச் சீக்கிரம் நிரம்பும். நிரம்பின டப்பா செவோவை அறைக்குள்ளேயே விடும், பக்கத்து மேசையில பென்டோபார்பிட்டால் சுண்டெலியும் அதையே சுவாசிக்கும்.

17 | இளமதி_பூன்லே

அதுவரைக்கும் யோசிக்கவே இல்லை அண்ணே. அப்படியானால் ஷாமும் தனித்தனியா? பென்டோபார்பிட்டால் ஷாம், செவோ ஷாம்?

18 | கூண்டுக்காரர்

தனித்தனிதான். கிளாம்ப் இல்லாம, அதே நேரம் திறந்து வெச்சு, அதே சூடு, அதே வாயு. தண்டுக் கொழுப்பை ஒதுக்குறதும் அதே மாதிரி. குடலை ஈரத்துணியில வெளியே எடுத்து வைக்கிறதுக்கே ஐஎல்-6 ஏறும்.